நேரத்தை அளந்து தூரம் சொல்லும் அலை

அம்பத்தூர் ஓ.டி.யிலோ பூந்தமல்லி டிரங்க் ரோட்டிலோ ஒரு மொபைல் கடைக்குள் போய், விலை உயர்ந்த போன் ஒன்றின் விவரத் தாளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். வைஃபை, புளூடூத், என்எஃப்சி என்ற வரிசையில் யுடபிள்யூபி என்றும் ஒன்று இருக்கும். அல்ட்ரா வைட்பேண்ட் என்பதன் சுருக்கம். அது என்ன என்று கேட்டால், “அது லேட்டஸ்ட் புளூடூத் சார்” என்பார்கள்; அல்லது “5ஜி இன்னும் ஸ்பீடா வரும்” என்பார்கள். இரண்டும் தவறு. விற்பவரைக் குறை சொல்லிப் பயனில்லை, அவருக்கும் யாரும் உட்கார வைத்து விளக்கவில்லை.

இத்தனைக்கும் இது நமக்கு எட்டாத தூரத்தில் நடக்கிற விஷயமும் இல்லை. யுடபிள்யூபி சிப்போடு வந்த முதல் போன் ஐபோன் 11, வெளியானது 2019 செப்டம்பரில். மறு ஆண்டே அந்த மாடல் ஸ்ரீபெரும்புதூர் பக்கமுள்ள ஃபாக்ஸ்கான் ஆலையில் தயாராகத் தொடங்கியது. 2022-ல் ஐபோன் 14 வெளியான அதே மாதத்தில் இந்தியாவிலும் தயாராவதாக ஆப்பிள் அறிவித்தது. சிப் இங்கே செய்யப்படுவதில்லை, போனுக்குள் பொருத்தப்படுவதோடு சரி. ஆனாலும் பூந்தமல்லியைச் சுற்றியுள்ள விடுதிகளிலிருந்து கம்பெனி பஸ் ஏறி ஷிஃப்டுக்குப் போகிற பெண்களின் கைபட்டுத்தான் அந்த போன்கள் பெட்டிக்குள் போகின்றன. அவர்களும், அவர்கள் வீட்டில் படிக்கிற தம்பி தங்கைகளும் அந்தப் பொருளுக்குள் என்ன நடக்கிறது என்பதைத் தமிழில் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் விருப்பம். (ஸ்ரீபெரும்புதூரில் சாம்சங் ஆலையும் உண்டே என்று கேட்கலாம். அங்கே தயாராவது டிவி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின். அவர்களுடைய போன் ஆலை நொய்டாவில் இருக்கிறது.)

முதலில் ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகத் தெளிவாகும். வைஃபையும் புளூடூத்தும் தகவலைக் கொண்டுபோகப் பிறந்தவை. போனில் உள்ள அல்ட்ரா வைட்பேண்டின் வேலை அளவெடுப்பது. இரண்டு கருவிகளுக்கு நடுவே எவ்வளவு தூரம், எந்தத் திசை என்று அது சொல்லும். பாட்டோ படமோ அனுப்ப அதை வைக்கவில்லை.

தூரத்தை எப்படி அளப்பது? மின்னல் வெட்டியதும் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணத் தொடங்கி, இடி கேட்டதும் நிறுத்தி, இடி எவ்வளவு தூரத்தில் விழுந்தது என்று பிள்ளைகள் கணக்குப் போடுவார்கள் அல்லவா, அடிப்படை அதுதான். ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும் என்பதால் விரல்விட்டு எண்ணியே கணக்குப் போட முடிகிறது. ரேடியோ அலை போவது ஒளியின் வேகத்தில். ஒரு நானோ வினாடியில், அதாவது வினாடியை நூறு கோடி கூறு போட்டால் வருகிற ஒரு கூறில், அது 30 சென்டிமீட்டர் கடந்துவிடும். அடிக்கோல் நீளம். மூன்று மீட்டர் தள்ளி இருக்கிற பொருளை எட்ட 10 நானோ வினாடி போதும். பத்து சென்டிமீட்டர் துல்லியம் வேண்டுமென்றால் நானோ வினாடியில் மூன்றில் ஒரு பங்கைப் பிரித்தறிய வேண்டும். யுடபிள்யூபி சிப் செய்கிற வேலை இது.

இங்கே ஒரு சிக்கல். என் போனிலுள்ள கடிகாரமும் அந்தப் பக்கம் இருக்கிற கருவியின் கடிகாரமும் நானோ வினாடி அளவுக்கு ஒத்துப்போகவே போகாது. அதனால் போன் ஒரு துடிப்பை அனுப்பி, நேரத்தைக் குறித்துக்கொள்கிறது. எதிர்க் கருவி அதை வாங்கி, குறிப்பிட்ட நேரம் காத்திருந்து, பதில் துடிப்பை அனுப்புகிறது. எவ்வளவு நேரம் காத்திருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறது. மொத்த நேரத்தில் காத்திருந்த நேரத்தைக் கழித்து, மீதியைப் பாதியாக்கினால் ஒருவழிப் பயண நேரம். ஒளியின் வேகத்தால் பெருக்கினால் தூரம். இதோடு முடிந்ததா என்றால் இல்லை. இரண்டு கடிகாரங்களின் ஓட்டத்துக்கும் நடுவே பத்து லட்சத்தில் 20 பங்கு வித்தியாசம் இருப்பதாக வைத்துக்கொள்வோம், சாதாரணக் குவார்ட்ஸ் படிகத்தில் இது சகஜம். 300 மைக்ரோ வினாடி காத்திருக்கும்போது அந்தச் சின்ன வித்தியாசம் 6 நானோ வினாடியாக வளர்ந்துவிடும். பாதியாக்கினாலும் 3 நானோ வினாடி, தூரக் கணக்கில் 90 சென்டிமீட்டர் பிழை! ஆகவே போன் மூன்றாவதாக இன்னொரு துடிப்பையும் அனுப்புகிறது. இரு பக்கமும் ஒருமுறை காத்திருந்ததால் இரண்டு கடிகாரங்களின் பிழையும் ஒன்றையொன்று ஏறக்குறைய அடித்துவிடும். இத்தனையும் கண் இமைக்கும் நேரத்துக்குள் முடிந்து, திரும்பத் திரும்ப நடக்கிறது.

சரி, இதையே புளூடூத்தால் செய்ய முடியாதா? பழைய புளூடூத் சிக்னலின் வலுவை வைத்துத்தான் தூரத்தை ஊகிக்கும். வலு கூடினால் பக்கத்தில், குறைந்தால் தூரத்தில். ஆனால் நடுவில் ஒரு சுவரோ பீரோவோ மனித உடம்போ வந்தால் வலு சரிந்துவிடும். இரண்டு மீட்டரில் இருப்பது எட்டு மீட்டரில் இருப்பதுபோலத் தெரியும்.

நேரத்தை அளக்கவும் பழைய புளூடூத்துக்குத் தோதில்லை. காரணம் பட்டையின் அகலம். சிக்னல் எவ்வளவு அகலமான அலைவரிசைப் பட்டையில் பரவுகிறதோ, துடிப்பை அவ்வளவு குறுக்கலாம் என்பது இயற்பியல் விதி. புளூடூத் குறைந்த ஆற்றல் வகையின் ஒரு சேனல் அகலம் 2 மெகாஹெர்ட்ஸ். அதில் ஒரு பிட் சுமார் ஒரு மைக்ரோ வினாடி நீடிக்கும். அந்த நேரத்தில் அலை 300 மீட்டர் போய்விடும். முந்நூறு மீட்டர் நீளமுள்ள ஒன்று பத்தடி அறைக்குள் சுவரில் பட்டும் தரையில் பட்டும் திரும்பி வரும்போது, நேராக வந்தது எது, எதிரொலித்து வந்தது எது என்று எப்படிப் பிரிப்பது? யுடபிள்யூபி சேனலின் அகலம் சுமார் 500 மெகாஹெர்ட்ஸ். துடிப்பு ஏறக்குறைய 2 நானோ வினாடி, காற்றில் அதன் நீளம் 60 சென்டிமீட்டர்தான். நேர்வழியில் வந்தது முதலில் சேரும், சுவரில் பட்டுச் சுற்றி வந்தது பிறகு தனியாக வரும். சிப் முதலில் வந்ததன் முன்விளிம்பை மட்டும் பிடித்துக்கொள்கிறது. அறுபது சென்டிமீட்டர் துடிப்பை வைத்துப் பத்து சென்டிமீட்டர் துல்லியம் எடுக்கிற வித்தை அந்த முன்விளிம்பில் இருக்கிறது. பெயரிலுள்ள ‘வைட்’ வேகத்தைக் குறிப்பதாக எண்ணுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அகலம் தேவைப்பட்டது துடிப்பைக் குறுக்குவதற்காக. அமெரிக்காவில் வெரைசன் நிறுவனம் தன் 5ஜி சேவைக்கு ‘அல்ட்ரா வைட்பேண்ட்’ என்று பெயர் வைத்தது குழப்பத்தைக் கூட்டிவிட்டது. அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

திசை தெரிவது வேறொரு வழியில். போனுக்குள் இரண்டு ஆண்டெனாக்களை ஓரிரு சென்டிமீட்டர் இடைவெளியில் வைத்திருப்பார்கள். அலை நேர் எதிரே வந்தால் இரண்டையும் ஒரே நேரத்தில் தொடும், சாய்வாக வந்தால் ஒன்றை முந்தித் தொடும். 8 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் நாலு சென்டிமீட்டருக்கும் குறைவு. ஆகவே அந்தச் சின்ன முந்தல்கூட அலையின் கட்ட வேறுபாடாகத் தெரிந்துவிடும். அதிலிருந்து கோணம் கிடைக்கும்.

ஆவடி ஸ்டேஷன் பக்கத்து டூவீலர் ஸ்டாண்டை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் அவசரமாக விட்டுவிட்டு மின்சார ரயிலைப் பிடித்த வண்டி, சாயங்காலம் திரும்பும்போது விட்ட இடத்தில் இருக்காது. இடம் பண்ணுவதற்காக ஸ்டாண்டுக்காரர் நகர்த்தியிருப்பார். சீட்டுக்கடியில் ஒரு ஏர்டேக், அதாவது பொருளைத் தேட உதவும் ஆப்பிளின் சிறு வில்லை, போட்டிருக்கிறீர்கள், கையில் ஐபோன் 13 என்று வைத்துக்கொள்வோம். உள்ளே நுழைந்தவுடன் புளூடூத் வழியாக போனும் டேகும் ஒன்றையொன்று அறிந்துகொள்ளும். இந்த அறிமுகத்துக்கு மட்டும் யுடபிள்யூபி உள்ள போனும் புளூடூத்தைத்தான் நம்பியிருக்கிறது, பேட்டரி மிச்சமாகும் என்பதால். பிறகு யுடபிள்யூபி விழித்துக்கொண்டு அளக்கத் தொடங்கும். ஓரிரு அடி நகரச் சொல்லும், ஏனெனில் கேமராவும் அசைவு உணரிகளும் தரும் தகவலையும் சேர்த்தே அது திசையைக் கணிக்கிறது. பிறகு திரையில் அம்புக்குறி: 7 மீட்டர், இடப்பக்கம். இரண்டாவது வரிசைக்குள் புகுந்து நடந்தால் 4 மீட்டர், 2 மீட்டர் என்று இறங்கும். புளூடூத் மட்டும் உள்ள போனில் “அருகில் உள்ளது” என்பதோடு நின்றுவிடும். டேகைக் கூவவிட்டுக் காது கொடுத்துத் தேட வேண்டியதுதான்.

அதே ஸ்டாண்டில் இதன் பலவீனமும் தெரியும். இந்த அலையைத் தண்ணீர் உறிஞ்சிவிடும், மனித உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். டேகுக்கும் போனுக்கும் நடுவே நாலு பேர் நின்றால் அம்புக்குறி மறைந்து, வெறும் தூரம் மட்டும் தெரியலாம், அதுவும் போகலாம். இரும்பும் அதை மறித்துவிடும். பெட்ரோல் டேங்குக்குப் பின்னால் ஒளித்து வைத்த டேக் சரியாகப் பேசாது. நடைமுறையில் இதன் எல்லை பத்து, இருபது மீட்டர். 2023-ல் ஐபோன் 15-உடன் வந்த இரண்டாம் தலைமுறை யு2 சிப் இதை நீட்டியது என்றாலும், ஊர் தாண்டி எட்டாது.

வண்டியே திருடு போய்த் திருவள்ளூர் பக்கம் போய்விட்டால் யுடபிள்யூபியால் ஒரு பயனும் இல்லை. அப்போது உதவுவது வேறொன்று. வழியில் போகிறவர்களின் ஐபோன்கள் டேகின் புளூடூத் சிக்னலைக் கேட்டு, பெயர் வெளியிடாமல் இருப்பிடத்தை ஆப்பிளுக்குச் சொல்லும் ஏற்பாடு அது. நம் தெருக்களில் பெரும்பாலோர் கையில் ஆண்ட்ராய்டு என்பதால் அந்த வலை இங்கே கொஞ்சம் கிழிசலானதுதான். 2024-ல் கூகுளும் ஆண்ட்ராய்டு போன்களை வைத்து இதேபோன்ற வலையைத் தொடங்கியிருக்கிறது. வாங்குமுன் இன்னொன்றையும் கவனியுங்கள்: ஏர்டேகை ஆண்ட்ராய்டு போனோடு இணைத்துப் பயன்படுத்த முடியாது, சாம்சங்கின் ஸ்மார்ட்டேகுக்குச் சாம்சங் கேலக்ஸி போன் வேண்டும்.

தொலைந்த சாவியைத் தேடுவதைவிடப் பெரிய பயன் சாவியாகவே மாறுவதில் இருக்கிறது என்பது என் கணிப்பு. சாவி பக்கத்தில் இருந்தாலே திறக்கும் கீலெஸ் கார்கள் வந்த பிறகு ஒரு புதுவகைத் திருட்டும் வந்தது. கார் வாசலில், சாவி வீட்டுக்குள் கொக்கியில். ஒருவன் வீட்டுச் சுவரோரம் ஒரு கருவியோடு நிற்பான், இன்னொருவன் காரருகே நிற்பான். இரண்டு கருவிகளும் காரின் சிக்னலைச் சாவிக்கும் சாவியின் சிக்னலைக் காருக்கும் அஞ்சல் செய்யும். சாவி பக்கத்தில் வந்துவிட்டது என்று நினைத்துக் கார் கதவைத் திறந்துவிடும். வலுவை மட்டும் பார்க்கும் கார் ஏமாறும், ஏனெனில் வலுவைக் கூட்டிக்காட்ட முடியும். பயண நேரத்தைக் குறைத்துக் காட்டுவது அவ்வளவு எளிதல்ல. அஞ்சல் செய்தால் நேரம் கூடத்தான் செய்யும், ஒளியை முந்திக்கொண்டு எந்தக் கருவியும் பதில் கொண்டுவர முடியாது. 2020-ல் முடிவான 802.15.4இசட் என்ற தர விதி, துடிப்புகளை ரகசியக் குறியீட்டு வரிசையில் அனுப்பச் சொல்வதன் மூலம் போலித் துடிப்பை நுழைப்பதைக் கடினமாக்கியது. 2021-ல் கார், போன் நிறுவனங்களின் கூட்டமைப்பு தன் டிஜிட்டல் சாவி விதியில் யுடபிள்யூபியைச் சேர்த்தது. பி.எம்.டபிள்யூ. அதே ஆண்டு ஐஎக்ஸ் காரில் கொண்டுவந்தது.

முழுப் பாதுகாப்பு என்று சொல்லிவிட முடியுமா? முடியாது. 2022-ல் ஆய்வாளர்கள் ஆப்பிளின் யு1 சிப்பிலேயே 12 மீட்டர் தூரத்தைச் சுழி மீட்டராகக் காட்ட வைத்தார்கள். நூறு முயற்சியில் நாலு வரைதான் பலித்தது, ஆனாலும் பலித்தது. பழைய கீலெஸ் முறையைவிட இது பல மடங்கு மேல், பூட்டு உடையவே உடையாது என்ற விளம்பரத்தை மட்டும் நம்ப வேண்டாம்.

சென்னையின் மேற்குப் புறநகரில் யுடபிள்யூபிக்கு உண்மையான தேவை இருக்கிற இடம் எது என்று கேட்டால் நான் கை காட்டுவது அம்பத்தூர் தொழிற்பேட்டையை. 1960-களில் உருவான அந்தப் பேட்டையில் இன்றும் இயந்திர உதிரி பாகங்கள் செய்யும் சிறு, நடுத்தரப் பட்டறைகள் நெருக்கியடித்து இருக்கின்றன. தகரக் கூரை, இரும்புத் தூண், வரிசையாக லேத்கள், நடுவில் ஃபோர்க்லிஃப்ட் திரும்புகிற குறுகிய வழி. ஜிபிஎஸ் கூரைக்குள் வராது. இரும்பு எல்லாப் பக்கமும் எதிரொலிப்பதால் வலுவை வைத்துத் தூரம் சொல்கிற முறைகள் அங்கே குழம்பிவிடும். இங்கேதான் ‘முதலில் வந்ததை மட்டும் பிடி’ என்ற குணம் கைகொடுக்கிறது. ஷெட்டின் நாலு மூலையில் உயரத்தில் நாலு நிலைக்கருவிகள், ஃபோர்க்லிஃப்டில் ஒரு டேக், தொழிலாளியின் ஹெல்மெட்டில் ஒரு டேக். மூன்று தூரம் தெரிந்தாலே இருப்பிடம் கிடைத்துவிடும். ஏதேனும் ஒன்று இயந்திரத்தின் பின்னால் மறையும் என்பதால் நாலாவது. வண்டியும் ஆளும் இரண்டு மீட்டருக்குள் நெருங்கினால் வண்டியின் வேகத்தைக் குறைக்கவோ நிறுத்தவோ வைக்கலாம். ஜெர்மனியில் ரேகன்ஸ்பர்க்கிலுள்ள பி.எம்.டபிள்யூ. ஆலையில், எந்தக் காரின் எந்த போல்ட்டை இப்போது முறுக்குகிறார்கள் என்பதைக் கருவியின் இருப்பிடத்தை வைத்தே அறியும் முறை போன்களுக்கு முன்பே வந்துவிட்டது. டப்ளினில் டெகாவேவ் என்ற சிறு நிறுவனம் செய்த டிடபிள்யூ1000 சிப்பை வைத்து (அந்த நிறுவனத்தை 2020-ல் கோர்வோ வாங்கியது) பொறியியல் மாணவர்களே மாதிரி அமைத்துப் பார்க்கலாம். ஆவடி, திருவேற்காடு வட்டாரக் கல்லூரிகளில் இறுதியாண்டு புராஜெக்ட் தேடுகிறவர்கள், வழக்கமான வருகைப் பதிவு ஆப்பை விட்டுவிட்டு, பக்கத்துப் பட்டறைக்கு நடந்துபோய் ஃபோர்க்லிஃப்ட் வழியை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன்.

கதிர்வீச்சு பற்றிய பயம் எங்கும் வரும், இங்கும் வருகிறது. 2002 பிப்ரவரியில் அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் 3.1 முதல் 10.6 கிகாஹெர்ட்ஸ் வரை இதற்கு அனுமதி கொடுத்தபோது, ஜிபிஎஸ்ஸையும் விமானத் தொடர்பையும் கெடுக்கும் என்று கடும் எதிர்ப்பு கிளம்பியது. அதனால் வரம்பை மிகவும் தாழ்த்தி வைத்தார்கள். ஒரு கம்ப்யூட்டர் தற்செயலாகக் கசியவிடும் அலைக்கு என்ன வரம்போ ஏறக்குறைய அதே. 500 மெகாஹெர்ட்ஸ் முழுவதையும் கூட்டினாலும் சராசரி ஆற்றல் 0.04 மில்லிவாட்டைத் தாண்டாது. டவர் தூரத்தில் இருக்கும்போது உங்கள் போன் 200 மில்லிவாட் அளவுக்கு வெளியிடும். ஐயாயிரம் மடங்கு வித்தியாசம். இதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

கண்காணிப்பு பற்றிய கேள்வி வேறு, அதற்கு நியாயம் உண்டு. 2019 டிசம்பரில் ஒரு பாதுகாப்புப் பத்திரிகையாளர், இருப்பிடச் சேவைகளை ஒவ்வொன்றாக அணைத்த பிறகும் ஐபோன் 11 புரோ இருப்பிடத்தைத் தேடுவதைக் கண்டுபிடித்தார். சில நாடுகளில் யுடபிள்யூபிக்கு அனுமதி இல்லை, எந்த நாட்டில் இருக்கிறோம் என்று பார்க்கத்தான் அந்தத் தேடல், விவரம் போனை விட்டு வெளியே போவதில்லை என்று ஆப்பிள் விளக்கியது. பிறகு அதை அணைக்க ஒரு சுவிட்சும் கொடுத்தது. முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். இதைவிடக் கவலைக்குரியது, இன்னொருவர் பையில் தெரியாமல் டேகைப் போட்டு அவரைப் பின்தொடர்வது. பெண்களுக்கு எதிராக இது நடந்திருக்கிறது. 2024 மே மாதத்திலிருந்து ஐபோன், ஆண்ட்ராய்டு இரண்டுமே, தெரியாத டேக் உங்களோடு நகர்ந்தால் எச்சரிக்கின்றன. அந்த எச்சரிக்கை வந்தால் அலட்சியப்படுத்தாமல் பையைத் தட்டிப் பார்த்துத் தேடுங்கள். வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கும் அந்த எச்சரிக்கை எப்படி இருக்கும் என்று காட்டி வையுங்கள்.

இதற்காகக் கூடுதல் காசு கொடுக்கலாமா? டேக் பயன்படுத்துகிறவர், போன் சாவியுள்ள கார் வைத்திருப்பவர் என்றால் கொடுக்கலாம். மற்றவர்கள் இதை மட்டும் காரணமாக வைத்து இருபதாயிரம் முப்பதாயிரம் கூடுதலாகப் போட வேண்டாம் என்பேன். இங்கே விற்கிற பல கார்களின் டிஜிட்டல் சாவி இன்னும் புளூடூத்திலும் என்எஃப்சியிலும்தான் ஓடுகிறது. 2024 செப்டம்பரில் வந்த புளூடூத் 6.0, வெறும் வலுவை நம்பாமல் அலையின் கட்டத்தையும் பயண நேரத்தையும் அளக்கிற முறையைச் சேர்த்திருக்கிறது. யுடபிள்யூபி அளவுக்குத் துல்லியம் இல்லாவிட்டாலும், தனிச் சிப் தேவைப்படாததால் குறைந்த விலை போன்களுக்கு அது முதலில் போய்ச்சேரும் வாய்ப்பு அதிகம்.

விலையை மட்டும் பார்த்து யுடபிள்யூபி இருக்கும் என்று நம்பிவிடவும் கூடாது. ஐபோன் 11 முதல் முதன்மை வரிசையில் எல்லாவற்றிலும் உண்டு, எஸ்.இ. மாடல்களிலும் 16இ-யிலும் இல்லை. சாம்சங்கில் 2020-ன் நோட்20 அல்ட்ரா தொடங்கி, எஸ்21 முதல் எஸ்25 வரை பிளஸ், அல்ட்ரா மாடல்களில் உண்டு, அடிப்படை மாடலில் இல்லை. கூகுள் பிக்சலில் 6 புரோவிலிருந்து புரோ மாடல்களில் பாருங்கள். கையில் ஏற்கெனவே சாம்சங் இருந்தால் செட்டிங்ஸில் கனெக்‌ஷன்ஸ் பகுதியைத் திறந்து பாருங்கள். அல்ட்ரா வைட்பேண்ட் என்ற வரி இருந்தால் உங்கள் போனில் சிப் இருக்கிறது, இல்லையென்றால் எந்த சாஃப்ட்வேர் அப்டேட்டாலும் அது வரப்போவதில்லை.